சிபிஎஸ்இ ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி: சந்தேகங்களும் விளக்கங்களும்

சிபிஎஸ்இ பள்ளி ஆசிரியர்கள் ஆண்டுதோறும் 50 மணி நேரம் பணித்திறன் பயிற்சி பெற வேண்டும். இதில் பாதி, பள்ளிக்குள்ளேயோ பள்ளிகளின் கூட்டமைப்பிலோ சக ஆசிரியர்களோடு சேர்ந்து கற்பதற்கு உரியது. இது குறித்து எழும் சந்தேகங்களுக்கான விளக்கங்கள்:

50 மணி நேரம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது?

தேசிய கல்விக் கொள்கை 2020, ஒவ்வோர் ஆசிரியரும் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரப் பயிற்சி பெற வேண்டும் எனக் கூறுகிறது. அதன் அடிப்படையில் சிபிஎஸ்இ இதைத் தன் இணைப்புப் பள்ளிகளுக்குக் கட்டாயமாக்கியது. தலைமையாசிரியர்கள், முதல்வர்களுக்கும் இது பொருந்தும்.

முழு நேரத்தையும் வெளியூர் முகாம்களில்தான் முடிக்க வேண்டுமா?

இல்லை. 25 மணி நேரம் சிபிஎஸ்இ அல்லது அரசுப் பயிற்சி நிறுவனங்கள் வழியாகப் பெற வேண்டும். மீதி 25 மணி நேரத்தைப் பள்ளியிலேயோ, அருகிலுள்ள பள்ளிகள் சேர்ந்த கூட்டமைப்பிலோ முடிக்கலாம்.

எந்தெந்தப் பொருளில் பயிற்சி இருக்கும்?

ஆசிரியர்களுக்கான தேசியத் தொழில்முறைத் தரநிலைகளின்படி மூன்று பிரிவுகள் உள்ளன. விழுமியங்கள், நெறிமுறைகளுக்கு 12 மணி நேரமும், பாட அறிவு, கற்பித்தல் முறைகளுக்கு 24 மணி நேரமும், பணி வளர்ச்சிக்கு 14 மணி நேரமும் ஒதுக்கப்பட்டுள்ளன.

ஆசிரியர்கள் கூடிப் பேசுவது எப்படிப் பயிற்சியாகும்? வழக்கமான ஆசிரியர் கூட்டம் போன்றதுதானே?

சுற்றறிக்கை வாசிப்பதும் தேர்வுப் பணி பிரிப்பதும் நிர்வாகக் கூட்டம். கூட்டுக் கற்றல் என்பது மாணவரின் ஒரு குறிப்பிட்ட தடுமாற்றத்தை எடுத்துக்கொள்வது. எடுத்துக்காட்டாக, 1/3, 1/4 இரண்டில் எது பெரியது என்றால், மூன்றைவிட நான்கு பெரிது என்பதால் 1/4 என்று எழுதும் மாணவர்கள் உண்டு. எல்லாப் பிரிவு கணித ஆசிரியர்களும் அத்தகைய விடைத்தாள்களைப் பிரித்துப் பார்த்து, காகிதப் பட்டைகளை மடித்துக் காட்டும் ஒரு பாடத்தைத் தயாரித்து, 'ஏ' பிரிவில் ஒருவர் நடத்த மற்றவர்கள் உட்கார்ந்து பார்த்து, திருத்தி, 'பி' பிரிவில் நடத்துவது இம்முறை.

வகுப்பில் உட்கார்ந்து பார்க்கும் சக ஆசிரியர் குறை கண்டுபிடித்து அறிக்கை தருவாரா?

மேலதிகாரியின் ஆய்வு வேறு, இது வேறு. இம்முறைக்கு முன்னோடியான ஜப்பானின் 'பாட ஆய்வில்', பார்வையாளர்கள் குறிப்பெடுப்பது பெரும்பாலும் மாணவர்களின் பதில்களையும் தடுமாற்றங்களையும்தான். பாடத்தைக் குழுவாகத் தயாரித்திருப்பதால், அதன் குறைகளும் குழுவினுடையவையே ஆகின்றன.

இதனால் பாடவேளை குறையாதா?

பள்ளிக்குள் நடக்கும் 25 மணி நேரத்தை 10 மாதங்களுக்குப் பகிர்ந்தால் மாதத்துக்கு இரண்டரை மணி நேரம் ஆகிறது. கல்வி உரிமைச் சட்டப்படி 1 முதல் 5-ஆம் வகுப்பு வரை 200 நாள்களும், 6 முதல் 8 வரை 220 நாள்களும் குறைந்தபட்ச வேலைநாள்கள்; அவற்றைக் குறைக்க முடியாது. அதே சட்டம் ஆசிரியருக்கு வகுக்கும் வாரம் 45 மணி நேரத்தில் பாடத் தயாரிப்பும் அடங்கும். எனவே ஒரே பாட ஆசிரியர்களுக்குப் பொதுவான ஓய்வு வேளை கிடைக்கும்படி கால அட்டவணை அமைப்பது பள்ளி நிர்வாகத்தின் பொறுப்பாகிறது.

ஒரு பாடத்துக்கு ஒரே ஆசிரியர் உள்ள சிறிய பள்ளி என்ன செய்யும்?

அருகிலுள்ள சிபிஎஸ்இ பள்ளிகள் இணைந்த 'சகோதயா' கூட்டமைப்பில் சேர்ந்து இந்த 25 மணி நேரத்தை முடிக்கலாம். பள்ளிகளைக் குழுவாக இணைக்கும் யோசனை புதிதல்ல. 1964-66 கோத்தாரி கல்விக் குழுவே அதைப் பரிந்துரைத்தது. ஓர் உயர்நிலைப் பள்ளியையும் 5 முதல் 10 கி.மீ. சுற்றளவிலுள்ள கீழ்நிலைப் பள்ளிகளையும் 'பள்ளி வளாகம்' என்ற ஒரே குழுவாக்கலாம் என்கிறது தேசிய கல்விக் கொள்கை.

தமிழக அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கும் இந்த விதி உண்டா?

சிபிஎஸ்இயின் விதி அதன் இணைப்புப் பள்ளிகளுக்கு மட்டுமே. தேசிய கல்விக் கொள்கையை ஏற்காத தமிழக அரசு, 2025 ஆகஸ்டில் தனியாக மாநிலக் கல்விக் கொள்கையை வெளியிட்டது. அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு வட்டார வள மையங்களும் குறுவள மையங்களும் பயிற்சிக் களங்களாக உள்ளன. 2022-ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்துக்கான பயிற்சிகளும் பருவ வாரியாக அளிக்கப்படுகின்றன.