கைம்மாவும் வேற்றுலக வேழமும்: ஆடலூர் மலைப்பின்புலத்தில் ஓர் ஒப்பாய்வு

முன்னுரை

அறிவியல் புனைவில் வேற்றுலக உயிர்கள் பெரும்பாலும் பூச்சியாகவோ ஊர்வனவாகவோ மனிதச் சாயலிலோ படைக்கப்படுகின்றன. லாரி நிவென், ஜெரி பூர்னெல் ஆகிய இருவரும் இணைந்து எழுதி 1985இல் வெளியான ‘ஃபுட்ஃபால்’ என்னும் ஆங்கிலப் புதினம் இதற்கு விலக்காகும். அதில் புவியின்மீது படையெடுக்கும் ‘ஃபித்ப்’ இனத்தார் யானைக்கன்றை ஒத்த உருவினர். யானையோடு நெடுங்காலம் வாழ்ந்த தமிழ் நிலத்திலிருந்து இப்புனைவை நோக்கினால் புலப்படுவன எவை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் கீழ்ப்பழனி மலையில் அமைந்த ஆடலூர் இதற்குக் களமாகக் கொள்ளப்படுகிறது.

கையுடைய விலங்கு

கருவி செய்யக் கை வேண்டும். ஆதலின் ஃபித்ப் இனத்தாரின் துதிக்கை நுனியில் பல விரல்களாகக் கிளைப்பதாக ஆசிரியர்கள் படைத்தனர். தமிழிலோ யானையின் அவ்வுறுப்புக்குப் பெயரே கைதான். துதிக்கை, தும்பிக்கை என்னும் சொற்களிலும் கை உண்டு. ‘கைம்மா’ என்பது யானைக்குரிய பழம்பெயர்களுள் ஒன்று. ‘ஹஸ்தி’ என்னும் வடசொல்லும் கையுடையது என்றே பொருள்படும். தொல்காப்பிய மரபியல் ‘குழவி’ என்னும் இளமைப்பெயரை மக்களுக்கும் யானைக்கும் ஒருங்கே உரியதாக்குகிறது. ஆ, எருமை முதலியனவும் அப்பெயரைப் பெறுமாயினும், யானை மக்களுக்கு முற்றிலும் அயலானதாகக் கருதப்படவில்லை என்பதற்கு இதுவும் ஒரு சான்றாகும்.

கூட்டமும் பணிதலும்

ஃபித்ப் இனத்தார் கூட்டமாகவே சிந்திப்பவர். தோற்றவர் மல்லாந்து கிடப்பர். வென்றவர் அவர் மார்பின்மீது காலூன்றுவர். அதன்பின் தோற்றவர் வென்ற கூட்டத்தின் உறுப்பினராவர். மனிதரும் இவ்வாறே பணிவர் என எதிர்பார்த்து அவர்கள் ஏமாறுகின்றனர். கதையின் மோதல் இத்தவறான புரிதலிலிருந்தே வளர்கிறது. பின்னர் அவர்கள் ஒரு விண்கல்லை இந்தியப் பெருங்கடலில் விழச் செய்கின்றனர். யானையை நன்கறிந்த நிலங்கள் அக்கடலைச் சூழ்ந்தே உள்ளன என்பது இங்குக் கருதத்தக்கது.

அக்கூட்டத்தின் தலைவன் ஆண். ஆசிய யானைக் குடும்பத்தை நடத்துவதோ மூத்த பிடி. களிறு பருவம் எய்தியதும் குடும்பத்தை விட்டுப் பிரிகிறது. எனவே, புனைவு யானையின் உருவைப் பெற்றுக்கொண்ட அளவுக்கு அதன் குடும்ப ஒழுங்கைப் பெறவில்லை எனலாம்.

ஆடலூர் உணர்த்துவது

ஆடலூர்ப் பகுதியில் காப்பி, மிளகு, வாழை முதலியன பயிராகின்றன. யானைகள் இத்தோட்டங்களுக்கு வருவதுண்டு. ஓரிரவில் வாழைத்தோட்டம் அழிந்தால் உழவருக்கு ஓராண்டின் உழைப்பு வீணாகும், உயிரச்சமும் உண்டு. இத்துன்பம் மெய்யானது. ஆயினும் ‘ஊருக்குள் புகுந்தது’, ‘படையெடுத்தது’ என நாம் எழுதும்போது யானையை ஃபித்ப் இனத்தாரின் இடத்தில் நிறுத்திவிடுகிறோம். பழனி மலையில் காப்பித் தோட்டங்கள் பரவியது 19ஆம் நூற்றாண்டிலிருந்துதான். யானையின் தடம் அதற்கு முற்பட்டது. இங்கு வந்தேறியது பயிரேயன்றி விலங்கு அன்று.

குறிஞ்சித் திணைப் பாடல்களிலும் தினைப்புனத்தில் யானை மேய்கிறது. குறவர் பரண்மேலிருந்து கவணும் தீயும் கொண்டு அதனை விரட்டுகின்றனர். அங்கும் பூசல் உண்டு. ஆனால் யானை அந்நிலத்தின் கருப்பொருளாகவே நிற்கிறது. இருதரப்பும் ஒரே நிலத்துக்குரியன என்னும் ஏற்பு அம்மரபின் அடிப்படையாகும்.

முடிவுரை

புனைவின் வேற்றுலக வேழம் மனிதரின் இயல்பை அறியாமல் தோற்றது. யானையின் வழியையும் குடும்ப அமைப்பையும் அறியாமல் மலையில் வேலியிடும் நாமும் அதே பிழையைச் செய்யக்கூடும். உழவருக்கு உரிய இழப்பீடும் யானைக்குத் தடையற்ற வழியும் ஒருங்கே கிடைக்க வேண்டுமாயின், முதலில் யானையை அயலாகக் காட்டும் சொற்களை மறுபரிசீலனை செய்தல் வேண்டும். கைம்மா என்னும் பழஞ்சொல் அதற்கு வழிகாட்டும்.