ஸ்வரத்திற்கு உரிய இடம்

புதுக்கோட்டைக்கு அருகில் குடுமியான்மலையில், ஏறத்தாழ கி.பி. 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இசைக் கல்வெட்டு ஒன்று உளது. அதில் ஸ்வர எழுத்துக்கள் வரிசை வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. சிலவற்றின் தலைமேல் புள்ளிகளும் காணப்படுகின்றன. அப்புள்ளிகளின் பொருள் யாது என்பதில் அறிஞர்கள் இன்றும் ஒருமனப்படவில்லை. சொல்லிக் கொடுப்பார் இல்லாதபோது ஒரு சிறு புள்ளியும் புதிராகிவிடுகிறது.

தில்லியில் கரோல் பாக்கிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் கர்நாடக சங்கீதம் பயிலும் நம் குழந்தைகளுக்கும் இது பொருந்தும். தகப்பனார் வேறு நகருக்கு மாற்றலாகும்போது ஆசிரியர் இங்கேயே தங்கிவிடுகிறார். பாடம் எழுதிய தாள் மட்டுமே உடன் செல்கிறது. அத்தாளில் ஓர் எழுத்து இடம் பெயர்ந்தால், குழந்தையின் தாளமும் இடம் பெயரும்.

மேனாட்டு இசையை ஐந்து கோடுகளின்மீது எழுதுவர். குறி மேலேறினால் சுருதி உயரும்; கீழிறங்கினால் தாழும். குறியின் வடிவமே அதன் கால அளவைக் காட்டிவிடும். ஆகவே மியூஸ்ஸ்கோர் போன்ற கணிப்பொறிச் செயலிகளில், ஒரு குறியை அதன் இட அமைப்பை மாற்றிச் சிறிது வலமோ இடமோ நகர்த்தினால், தோற்றம் மாறுமேயன்றி ஒலிக்கும் நேரம் மாறாது. நெருக்கத்தைத் தவிர்க்கவே அவ்வாறு நகர்த்துகின்றனர்.

நம் முறை வேறு. சுருதியை எழுத்தே உணர்த்துகிறது; நீட்சியை நெடிலும் காற்புள்ளியும் அரைப்புள்ளியும் உணர்த்துகின்றன. ஆதி தாளத்தில் 8 எண்ணிக்கைகள். எண்ணிக்கைக்கு 4 ஸ்வர அளவு என்று கொண்டால், ஓர் ஆவர்த்தத்தில் 32 அளவுகள் அடங்கும். ஸ்வர வரியின் கீழே ஸாஹித்ய வரி செல்லும். எந்தச் சொல்லின் எந்த அசை எந்த ஸ்வரத்தில் விழுகிறது என்பதைக் காட்டுவது, மேலும் கீழும் ஒத்து நிற்கும் அந்த இடம் ஒன்றே.

சுப்பராம தீக்ஷிதர் 1904-இல் எட்டயபுரத்தில் தெலுங்கு எழுத்தில் வெளியிட்ட ‘ஸங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்சினி’யில் கமகங்களுக்கும் தனித்தனிக் குறிகள் அமைத்தார். அத்தகைய குறி ஓர் எழுத்தளவு தள்ளி விழுந்தால், அசைவு அடுத்த ஸ்வரத்தைச் சென்று சேரும். அப்பெருநூலைச் சென்னை மியூசிக் அகாடமி 1961 முதல் தமிழில் தொகுதி தொகுதியாக வெளியிட்டது.

இன்று வீட்டுக் கணிப்பொறியில் தமிழில் தட்டச்சு செய்வோர் பெரும்பாலும் இடைவெளி விசையை அழுத்தியே வரிகளை ஒழுங்கு செய்கின்றனர். இது நிலைக்காது. ‘ரி’யும் ‘ம’வும் ஒரே அகலம் உடையன அல்ல, ‘கொ’ போன்ற எழுத்து ஸாஹித்யத்தில் இன்னும் அதிக இடம் கொள்ளும். வேறொரு கணிப்பொறியில் எழுத்துரு மாறியதும் வரி குலைந்துவிடும். மாறாக, 8 கட்டங்கள் கொண்ட அட்டவணை அமைத்து, எண்ணிக்கைக்கு ஒரு கட்டமாக ஸ்வரத்தையும், அதன் கீழ்க் கட்டத்தில் ஸாஹித்யத்தையும் இட்டால், எழுத்துரு மாறினும் ஒவ்வொன்றும் தன் கட்டத்திலேயே நிற்கும். விரைந்த காலத்திற்குக் கட்டங்களை 16 ஆக்கிக்கொள்ளலாம்.

தமிழுக்கே உரிய இடர் ஒன்றும் உண்டு. தாரஸ்தாயி ஸ்வரத்தின்மேல் புள்ளி வைப்பது மரபு. ‘ஸ’வின்மேல் புள்ளி வைத்தால் அது மெய்யெழுத்தாகவே காட்சியளிக்கும். மந்த்ரஸ்தாயிக்குக் கீழே வைக்கும் புள்ளியோ ஸாஹித்ய வரியில் மோதும். ஆதலின் ஸ்வர வரிக்கு மேலும் கீழும் குறுகிய வரி ஒவ்வொன்று விட்டு, புள்ளிகளை அவற்றில் வைப்பது நலம்.

பள்ளியில் ஹிந்துஸ்தானி இசை கற்கும் குழந்தைகள் பாத்கண்டேயின் முறையையும் காண்பர். அதிலும் மேற்புள்ளி தாரம், கீழ்ப்புள்ளி மந்த்ரம். ஆனால் அங்கு எழுத்தின் கீழ்க் கோடு கோமள ஸ்வரத்தைக் குறிக்கும். நம் முறையில் எழுத்தின் மேற்கோடு காலம் இரட்டிப்பதைக் குறிக்கும். இவ்வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே சொல்லிவைத்தல் நன்று.

தாள் தயாரானதும், ஒருவர் கையால் தாளமிட, மற்றொருவர் தாளைப் பார்த்துப் பாடிச் சரிபார்த்தல் வேண்டும். சமத்தில் விழவேண்டிய அசை சமத்தில் விழுகிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும். கமகத்தின் முழு உருவைத் தாள் தராது. அதைக் குரலிடமிருந்தே பெறவேண்டும். ஆயினும், குரல் தொலைவில் இருக்கும் நாட்களில், பிழையற்ற தாள் குழந்தையைப் பாட்டின் வழியிலிருந்து விலகாமல் காக்கும்.