வாசிப்பை எங்கே நின்று பார்க்கிறார்கள்?



நம் பிள்ளைகளுக்கு வாசிக்க வரவில்லை என்று ஏதாவதொரு அறிக்கை அடிக்கடி சொல்கிறது. அதை ஏற்கும் முன்போ மறுக்கும் முன்போ நாம் கேட்க வேண்டியது ஒன்றுண்டு: வாசிப்பை எப்படிப் பார்த்து இந்த முடிவுக்கு வந்தார்கள்?

அமெரிக்க உளவியலாளர் எட்மண்ட் ஹ்யூயி, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், வாசிப்பவரின் கண்ணை மரத்துப்போகச் செய்து, விழிமேல் பாரிஸ் சாந்துக் கிண்ணம் ஒன்றைப் பொருத்தினார். அதோடு இணைத்த முள், புகைக்கரி படிந்த உருளையில் கண்ணின் அசைவைக் கோடாக வரைந்தது. கண் வரியின்மீது வழுக்கிச் செல்வதில்லை, தாவித் தாவி நிற்கிறது என்பது அதில் பதிவானது. பெரிய சாதனைதான். ஆனால் அது தலையசைக்காமல் தனியே உட்கார்ந்தவரின் வாசிப்பு. டீக்கடையில் ஒருவர் நாளிதழை உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்டு விவாதிக்கும் வாசிப்பு அந்த உருளையில் ஏறாது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் முறை வேறு. ஏழு வயது நிரம்பியவர் ஏதேனும் ஒரு மொழியில் புரிந்து எழுதப் படிக்கத் தெரிந்திருந்தால் எழுத்தறிவு பெற்றவர். கணக்கெடுப்பவர் படிக்கச் சொல்லிச் சோதிப்பதில்லை. வீட்டில் இருப்பவர் சொல்வதைக் குறித்துக்கொள்கிறார். 2011இல் நாட்டின் எழுத்தறிவு 73 விழுக்காடு, பட்டியல் சாதியினரின் எழுத்தறிவு 66.1 விழுக்காடு. இந்த இடைவெளியை நாம் உரக்கச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் தட்டுத்தடுமாறிப் படிப்பவரும் நாவல் படிப்பவரும் அதில் ஒரே கட்டத்தில்தான் இருக்கிறார்கள்.

2005இல் பிரதம் அமைப்பு தொடங்கிய அசர் ஆய்வு, கிராமத்துப் பிள்ளைகளை அவர்கள் வீட்டிலேயே சந்திக்கிறது. எழுத்து, சொல், பத்தி, கதை என்று ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே படிக்கச் சொல்கிறது. பள்ளியில் மட்டும் சோதித்தால், அன்று வேலைக்குப் போன பிள்ளையும் படிப்பை நிறுத்திய பிள்ளையும் கணக்கிலேயே வரமாட்டார்கள்.

பார்ப்பவரின் முன்னிலையே பிள்ளையை மாற்றிவிடும் என்பதற்கும் சான்று உண்டு. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே ஆகிய ஆய்வாளர்கள் உத்தரப்பிரதேசக் கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்பு மாணவர்களுக்குப் புதிர்வழிகளைத் தீர்க்கக் கொடுத்தார்கள். ஆதிக்க சாதியினர் 321 பேர், ஒடுக்கப்பட்ட சாதியினர் 321 பேர். சாதியை அறிவிக்காதபோது இரு தரப்புக்கும் திறனில் வேறுபாடு தெரியவில்லை. எல்லோர் முன்னும் சாதியை அறிவித்ததும் ஒடுக்கப்பட்ட பிள்ளைகள் பின்தங்கினார்கள். இது 2006இல் வெளியான ஆய்வு. அவர்கள் சோதித்தது வாசிப்பை அல்ல. ஆயினும் வகுப்பறையில் எழுந்து நின்று உரக்கப் படிக்கும் நம் பிள்ளையின் திணறலை வெறும் திறன் குறைவு என்று எழுதிவிட முடியாது என்பதை இது நமக்கு உணர்த்துகிறது.

ஆகவே, சேரியில் வாசிப்புக் கணக்கெடுக்கப் போகும் தோழர்கள் சிலவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும். பெயர்ப் பட்டியலில் சாதி வாரியாக அழைக்காதீர்கள். பிள்ளைக்குப் பழகிய இடத்தில், பழகியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு படிக்கச் சொல்லுங்கள். உரக்கப் படித்ததோடு நிறுத்தாமல், மௌனமாகப் படித்ததைச் சொந்தப் பேச்சில் சொல்லக் கேளுங்கள். பிறர் படிக்கக் கேட்டுத் தெரிந்துகொள்பவர்களைத் தனியே குறியுங்கள். எந்த முறையில் பார்த்தீர்கள் என்பதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

நம்மைப் பற்றிப் பிறர் எடுத்த கணக்குகளோடு நீண்ட காலம் வாழ்ந்துவிட்டோம். இனி நாமே எடுக்கும் கணக்காவது நம் பிள்ளைகளுக்கு நியாயம் செய்யட்டும்.