இரத்தக் கொதிப்பும் மனச் சோர்வும்

நமது சங்கக் குடும்பங்களில் இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை உட்கொள்ளாத பெரியவர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். 'பிரஷர்' என்று சொல்லிக்கொள்வதில் எவருக்கும் கூச்சமில்லை. மனச் சோர்வு என்று சொல்ல மட்டும் நா எழுவதில்லை. திருவனந்தபுரத்தில் வாழ்வோர்க்கு அச்சொல்லைக் கேட்டதும் ஊளம்பாறை ஆஸ்பத்திரிதான் நினைவுக்கு வருகிறது. உடனே பேச்சு வேறு திசையில் திரும்பிவிடுகிறது.

நண்பர் ஒருவர், தாயார் காலமான பின் தென்காசிப் பக்கத்திலிருந்து தம் தந்தையாரை இங்கு அழைத்து வந்தார். ஒரு நாள் நண்பருக்கு விடுப்புக் கிடைக்காமையால் பெரியவரை ஆரோக்கிய நிலையத்துக்கு நாமே அழைத்துச் சென்றோம். கொதிப்பு 180/100 என்றிருந்தது. இளம் பெண் டாக்டர் பரிவுடன், "மனசினு விஷமம் எந்தெங்கிலும் உண்டோ?" என்று வினவினார். பெரியவர் திடுக்கிட்டு, "இந்த வயசில் நான் என்னம்மா விஷமம் செய்யப்போகிறேன்?" என்றார். மலையாளத்தில் விஷமம் என்றால் துயரம்; நமக்கோ அது குறும்பு. டாக்டரும் சிரித்தார், நாமும் சிரித்தோம். பொருளை விளக்கிச் சொன்னபோது பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. சற்று நேரம் தரையையே நோக்கியிருந்துவிட்டு, "ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, பிறகு விடிகிற வரைக்கும் அவள் நினைவுதான்" என்றார். மூன்று வார மாத்திரைகள் தலையணைக்கடியில் அப்படியே இருக்கின்றன என்பதும் அப்போதுதான் வெளிவந்தது.

வீட்டார் இதனை மறதி என்றும் பிடிவாதம் என்றும் கருதியிருந்தனர். வாழ்வில் பிடிப்பற்றவன் நாளை வரக்கூடிய பக்கவாதத்துக்கு அஞ்சி இன்று மாத்திரையை விழுங்குவான் என்று எதிர்பார்ப்பது எப்படி? சோர்வினால் உறக்கம் கெடுகிறது, நடமாட்டம் குறைகிறது, மருந்து தவறுகிறது, கொதிப்பு ஏறுகிறது. நோய் முற்றுகிறதே என்ற விசாரம் மீண்டும் சோர்வையே வளர்க்கிறது.

இவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பு முற்காலத்தில் ஒரு மூலிகையின் வாயிலாகவும் பேசப்பட்டது. பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல், சர்ப்பகந்தி வேர் கொதிப்பைத் தணிப்பதை 1949இல் பிரிட்டிஷ் இருதய நோய்ப் பத்திரிகை ஒன்றில் எழுதி உலகறியச் செய்தார். 1952இல் சுவிட்சர்லாந்தில் அவ்வேரிலிருந்து ரெசர்பின் என்னும் மருந்துப் பொருளைப் பிரித்தெடுத்தனர். அதனை நீண்ட காலம் மிகுந்த அளவில் உட்கொண்டவர்களிற் சிலர் ஆழ்ந்த சோர்வுற்றனர் என்று 1954இல் அமெரிக்க டாக்டர் எட்வர்ட் ஃப்ரைஸ் எழுதினார். பின்னாளில் ஆராய்ந்தோரிற் சிலர் அத்தொடர்பை ஐயுற்றனர். அம்மருந்து இன்று மிக அருகியே வழங்கப்படுகிறது. ஆதலால் இதைப் படித்துவிட்டு எவரும் தம் மாத்திரையைத் தாமே நிறுத்திவிட வேண்டா. ஐயமிருப்பின் டாக்டரைக் கேட்பதே முறை.

கேரளத்தின் குடும்ப ஆரோக்கிய நிலையங்களில் மனச் சோர்வைக் கண்டறிவதற்கென்றே 'ஆஸ்வாசம்' என்னும் ஏற்பாடு உண்டாயிற்று. கொதிப்புக்குச் செல்லும் இடத்திலேயே இதையும் சொல்லலாம். ஊளம்பாறை வரை போக வேண்டுமோ என்று அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் மலையாளம் பழகாத பெரியவர்களைத் தனியே அனுப்பலாகாது. 'தலை கனக்கிறது', 'நெஞ்சு படபடக்கிறது' என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். இரு வாரங்களுக்கு மேல் உறக்கமின்மையும், எதிலும் நாட்டமின்மையும் காணப்பட்டால் அதனை உடன் செல்பவர் எடுத்துரைக்க வேண்டும். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசியில், 14416 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றித் தமிழிலேயே பேசவும் வழியுண்டு.

பெரியவருக்கு மனச் சோர்வுக்கும் மருந்து கொடுத்தார்கள். பலன் தெரியச் சில வாரங்கள் செல்லும் என்றும் சொல்லியனுப்பினார்கள். நண்பர் இப்போது இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அரைமணி நேரம் தந்தையாரோடு திண்ணையில் அமர்கிறார். பேச்சு பெரும்பாலும் தாயாரைப் பற்றியே. சென்ற மாதம் அட்டையில் 150/90 என்று எழுதியிருந்தது. இன்னும் குறைய வேண்டும் என்றார் டாக்டர்.