பின்னிருக்கைச் சாய்மானமும் அதைத் தாங்கும் நான்கு போல்ற்றுகளும்

மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கை எம்மவர்க்குப் புதிய இடமன்று. ஊரிலே ஹொண்டா எம்.டி. 90 ஒன்றில் தகப்பன் ஓட்ட, பெற்றோல் ராங்கியின் மேல் மூத்த பிள்ளை, பின்னால் சேலையுடன் ஒருபக்கமாக அமர்ந்த தாய், அவர் மடியில் கைக்குழந்தை என ஒரு குடும்பமே செல்வதைக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடிய அந்த வண்டிகளில் எவரும் சாய்ந்து அமர்ந்ததில்லை. பின்னால் இருப்பவரின் ஒரு கை ஓட்டுபவரின் தோளில் இருக்கும். மறு கை கரியரைப் பற்றியிருக்கும்.

இங்கு ஜேர்மனியில் வளர்ந்த எமது இளைஞர் சிலர் இப்போது அமெரிக்கப் பாணி வண்டிகளின் மீது ஆசை கொண்டுள்ளனர். தாழ்ந்த இருக்கை, முன்னே நீண்ட கவர், குரோம் பூச்சு, பின்னால் உயர்ந்து நிற்கும் முதுகுச் சாய்மானம். பழைய வண்டியொன்றை மலிவாக வாங்கித் தமது விருப்பப்படி மாற்றியமைக்கிறார்கள். அதில் குற்றம் காண்பது என் நோக்கமன்று. நானும் அந்தத் தொழிலில் சோறு உண்பவன்தான். ஆயினும் அந்தச் சாய்மானத்தைப் பற்றி இப்பத்தியில் சற்று விரிவாகவே எழுத வேண்டியுள்ளது. அதற்குக் காரணம் எமது பட்டறைக்கு வந்த ஒரு ரயர்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் இளைஞர் தமது வண்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஹம் நகர்க் காமாட்சி அம்பாள் கோவில் தேருக்கு மனைவியைப் பின்னால் ஏற்றிச் சென்றிருக்கிறார். முதல் நாள் இரவுதான் பழைய பாகங்கள் விற்கும் சந்தையில் வாங்கிய சாய்மானத்தைத் தாமே பொருத்தியிருக்கிறார். தனியாக ஓட்டிப் பார்த்தபோது ஒரு குறையும் தெரியவில்லை. மனைவி ஏறி இருபது கிலோமீற்றர் சென்றதும் றப்பர் கருகும் மணம் வந்தது. நல்ல வேளையாக மனைவிதான் முதலில் உணர்ந்து, தோளில் தட்டி நிறுத்தச் சொல்லியிருக்கிறார்.

"அண்ணை, இதை ஒருக்கால் பாருங்கோ" என்று அவர் காட்டிய பின் ரயரில், சுற்றுவட்டம் முழுவதும் இரண்டு கோடுகள் கத்தியால் கீறியதுபோல் வெட்டுப்பட்டிருந்தன. ஒரு கோட்டில் உள்ளே இருக்கும் நூலிழை வெளித் தெரிந்தது. இன்னும் சிறிது தூரம் சென்றிருந்தால், ஓட்டோபானில் மணிக்கு 120 கிலோமீற்றர் வேகத்தில் பின் ரயர் வெடித்திருக்கும்.

நடந்தது இதுதான். சாய்மானத்தின் இரு கால்களையும் அவர் மட்காட்டின் தகட்டில் துளையிட்டு, நான்கு போல்ற்றுகளால் பூட்டியிருந்தார். போல்ற்றின் தலைகள் வெளியே அழகாகத் தெரிந்தன. வால்கள் உட்பக்கம் இரண்டு சென்ரிமீற்றர் நீண்டிருந்தன. தனியே ஓட்டும்போது ரயருக்கும் அந்த வால்களுக்கும் இடையே இடைவெளி இருந்தது. பின்னிருக்கைக்காரர் ஏறக்குறைய பின் சில்லுக்கு நேர் மேலேயே அமர்கிறார். அவர் ஏறியதும் ஷொக் அப்சோபர் அமுங்குகிறது. குழியொன்றில் விழுந்தால் இன்னும் அமுங்குகிறது. அப்போது சில்லு மட்காட்டுக்குள் மேலேறிப் போல்ற்றின் வாலைத் தொடுகிறது.

இந்தப் பிழை எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். அமெரிக்காவில் 1950களிலும் 60களிலும் வண்டிகளை வெட்டிக் குறுக்கி 'சொப்பர்' ஆக்கியவர்கள் இந்தச் சாய்மானத்துக்கு 'சிஸ்ஸி பார்' என்று பெயர் வைத்தனர். கோழைக்கான கம்பி என்ற கேலிப் பெயர் அது. 1969இல் வெளியான 'ஈஸி றைடர்' என்ற திரைப்படம் அதை உலகெங்கும் கொண்டு சென்றது. அப்படத்தில் அமெரிக்கக் கொடியின் நிறங்கள் பூசிய வண்டியில் உயரமான சாய்மானம் ஒன்று நின்றது. அதை உருவாக்கிய கிளிஃப் வோஸ், பென் ஹார்டி என்ற இரு கறுப்பின அமெரிக்கர்களின் பெயர்கள் படத்தில் குறிப்பிடப்படவில்லை. பல்லாண்டுகள் கழித்தே வெளியுலகம் அவர்களை அறிந்தது. உழைத்தவன் பெயர் மறைவது எமக்கும் தெரியாத கதையன்று.

அந்த வண்டிக்குப் பின்புறம் ஷொக் அப்சோபர் கிடையாது. பின் சில்லு சட்டகத்துடன் நேரடியாக இறுக்கப்பட்டிருந்தது. மட்காட்டும் அதே சட்டகத்தில் நின்றது. சில்லுக்கும் மட்காட்டுக்கும் உள்ள இடைவெளி ஒருபோதும் மாறாது. அத்தகைய வண்டிகளில் சாய்மானக் கம்பியே மட்காட்டைத் தாங்கிப் பிடிப்பதும் உண்டு. அந்தத் தோற்றத்தை மட்டும் எடுத்து, பின் சில்லு மேலும் கீழும் அசையும் வண்டியில் வைப்பவர்கள் இந்த வேறுபாட்டை எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது மட்காட்டின் அழகையன்று, வண்டியின் எலும்பை. 'பிரேம்' எனப்படும் சட்டகத்திலிருந்து பின்னோக்கி நீளும் இரு உருக்குக் கைகள் பல வண்டிகளில் மட்காட்டின் இரு பக்கமும் உண்டு. சாய்மானத்தின் கால்கள் அவற்றில்தான் நிற்க வேண்டும். இடையிலுள்ள மட்காட்டுத் தகடு ஒன்றிரண்டு மில்லிமீற்றர் தடிப்பானது. அது சேற்றைத் தடுக்கச் செய்யப்பட்டது, மனிதரைத் தாங்கவன்று. சில புதிய பாணி வண்டிகளில் மட்காட் சட்டகத்தில் இல்லாமல், பின் சில்லைத் தாங்கி அசையும் கையில் பொருத்தப்பட்டிருக்கும். அதில் சாய்மானத்தைப் பூட்டினால் இருக்கை ஒருபுறம், சாய்மானம் மறுபுறம் என இரண்டும் வெவ்வேறாக அசையும். ஒவ்வொரு குழியிலும் பின்னால் இருப்பவரின் முதுகில் அடி விழும். அவ்வகை வண்டியில் சட்டகத்திலிருந்தே தனித் தாங்கிகள் எடுக்க இயலாவிட்டால், சாய்மானம் வைக்காமல் விடுவதே நல்லது.

எவ்வளவு பாரம் வருகிறது என்று ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பின்னால் இருப்பவர் 60 கிலோ என்போம். வண்டி வேகமாகப் புறப்படும்போது அவர் எடையில் ஐந்தில் இரண்டு பங்கு, அதாவது 24 கிலோ, பின்னோக்கித் தள்ளுவதாகக் கொள்வோம். ஒரு பக்கக் காலுக்கு 12 கிலோ. முதுகு படும் இடம் போல்ற்றுகளிலிருந்து 40 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கிறது. அதே காலில் உள்ள இரு போல்ற்றுகளுக்கும் இடையே 15 சென்ரிமீற்றர் தூரம் இருந்தால், நெம்புகோல் விதிப்படி ஒவ்வொரு போல்ற்றிலும் ஏறத்தாழ 32 கிலோ இழுவை வரும். அந்தத் தூரம் 5 சென்ரிமீற்றராகக் குறைந்தால் 96 கிலோ ஆகிவிடும். பயணி காலை உதைபலகையில் ஊன்றி முதுகை நிமிர்த்தினால் இதைவிட அதிகமாகும். நல்ல போல்ற் இதையெல்லாம் தாங்கும். தகடு ஒருநாள் தாங்கும், ஒருமாதம் தாங்கும். எஞ்சினின் அதிர்வு சேர்ந்து ஆயிரக்கணக்கான தடவை வளைத்தபின் துளையின் விளிம்பிலிருந்து வெடிப்பு ஓடத் தொடங்கும். உலோகச் சோர்வு என்பது இதுதான். அது முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவதில்லை.

போல்ற் தெரிவிலும் எம்மவர் சிக்கனம் பார்க்கிறார்கள். தலையில் 8.8 என்று பொறிக்கப்பட்ட உருக்குப் போல்ற்றையே கேட்டு வாங்குங்கள். பளபளப்புக்காகச் சாதாரணத் துருப்பிடிக்காத உருக்குப் போல்ற்றுகளை மாற்றிப் போடுபவர் பலர், அவை 8.8 அளவுக்கு வலுவானவை அல்ல. அமெரிக்க வண்டியாயின் இன்னொரு கண்ணி உண்டு. அங்கு அங்குல அளவு. அங்குலத்தில் பதினாறில் ஐந்து பங்கு என்பது 7.94 மில்லிமீற்றர்; எமது கையில் இருப்பது 8 மில்லிமீற்றர். இரண்டும் ஒன்றே எனக் கண் சொல்லும். ஆனால் புரிகளின் இடைவெளி வேறு: ஒன்றில் 1.41 மில்லிமீற்றர், மற்றதில் 1.25. இரண்டு சுற்று இலகுவாகப் போய்ப் பின் இறுகும். "பழைய புரி, துருவாக்கும்" என்று எண்ணிச் சாவியால் முறுக்கினால் புரி அழிந்துவிடும். இறுகியதுபோல் தோன்றும், பிடி இராது.

பொருத்தும்போது போல்ற்றின் தட்டையான தலை சில்லுப் பக்கமும் நட் வெளிப்பக்கமும் இருக்கட்டும். வெளித்தோற்றம் சற்றுக் குறையும். நைலோன் வளையமுள்ள பூட்டு நட்டின் மேல் குரோம் மூடியொன்றைப் போட்டால் தீர்ந்தது. நட்டைத் தாண்டி ஒன்றிரண்டு புரிகள் வெளியே தெரிய வேண்டும். 8 மில்லிமீற்றர் 8.8 போல்ற்றுக்கு 25 நியூட்டன் மீற்றர் அளவும், 10 மில்லிமீற்றருக்கு 50 அளவும் முறுக்குச் சாவியில் வைக்கலாம். வண்டியின் கைநூல் வேறு அளவு சொன்னால் அதுவே செல்லும். துளையிட நேர்ந்தால் பற்றறியைக் கழற்றிவிட்டு, மட்காட்டின் உள்ளே பின் விளக்குக்குச் செல்லும் வயர் எங்கே ஓடுகிறது என்று முதலில் பாருங்கள். வயரைத் துளைத்துவிட்டுப் பிரேக் விளக்கு இல்லாமல் ஊரெல்லாம் ஓடியவர் உண்டு.

வேலை முடிந்ததும் ஒரு சோதனை. வண்டியைத் தாங்கியில் நிறுத்தி, ஷொக் அப்சோபர்களின் அடிப்பூட்டைக் கழற்றி, சில்லை அது போகக்கூடிய உச்சம் வரை கையால் உயர்த்துங்கள். சில்லைச் சுழற்றிப் பாருங்கள். எதிலும் தொடக்கூடாது. இந்த ஒரு சோதனையை அந்த இளைஞர் செய்திருந்தால் ரயர் தப்பியிருக்கும்.

இனி, அமர்பவரைப் பற்றி. சாய்மானத்தின் மெத்தை இடுப்புக்குச் சற்று மேலே, கீழ் முதுகைத் தாங்க வேண்டும். மிக முன்னே இருந்தால் பயணி ஓட்டுபவர் மீது நெருக்கப்படுவார். மிகப் பின்னே இருந்தால் மல்லாந்து தொங்குவார். பிரேக் போடும்போது சாய்மானம் எவ்வகையிலும் உதவாது, உடல் முன்னோக்கியே வீசப்படும். இதை எமது பெண்களுக்கு எவரும் சொல்வதில்லை. சாய இடம் கிடைத்ததும் பிடியை விட்டுவிட்டு, மடியில் கைகளை வைத்துக்கொள்கிறார்கள். ஊரில் போல ஒருபக்கமாக அமர்ந்தால் சாய்மானம் முதுகுக்கன்று, தோளுக்கு இடியாகவே அமையும். காற்றில் பறக்கும் சேலைத் தலைப்பும் சால்வையும் பின் சில்லுக்கு மிக அருகில் இருக்கின்றன என்பதையும் மறக்க வேண்டாம். கோவிலுக்குச் செல்வதாயின் சேலையைப் பையில் கொண்டுபோய் அங்கு மாற்றுவதே உத்தமம்.

ஐரோப்பிய விதிகள் பின்னிருக்கைப் பயணிக்குப் பிடியொன்று இருக்க வேண்டும் என்கின்றன. இருக்கையின் குறுக்கே செல்லும் பட்டியாயினும், ஒற்றைக் கைப்பிடியாயினும் 2000 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 200 கிலோ இழுவையைத் தாங்க வேண்டும்; இரு கைப்பிடிகளாயின் ஒவ்வொன்றும் அதில் பாதி. அழகுக்காக இருக்கையை மாற்றும்போது அந்தப் பட்டியைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். சாய்மானம் வைத்துவிட்டதால் பட்டி தேவையில்லை என்று நினைப்பது தவறு.

ஜேர்மனியின் வாகன அனுமதி விதிகளில் 19ஆம் பிரிவு மிக முக்கியமானது. பிறருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய மாற்றம் ஒன்றைச் செய்தால் வண்டியின் இயக்க அனுமதியே அற்றுப் போகும். பின்னர் விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனம் கொடுத்த பணத்தில் ஒரு பகுதியை உங்களிடமே திரும்பக் கேட்கலாம். அகதி விண்ணப்பம், வதிவிட அனுமதி என்று ஏற்கெனவே கடிதங்களுக்கு அஞ்சி வாழும் குடும்பத்துக்கு இன்னொரு கடிதம் எதற்கு?

எனவே சாய்மானம் வாங்கும்போது கடதாசியையும் கேளுங்கள். 'ஆ-பே-ஏ' எனச் சுருக்கமாகச் சொல்லப்படும் பொது அனுமதி இருந்தால், அதில் உங்கள் வண்டியின் வகை குறிப்பிடப்பட்டுள்ளதா என்று பார்த்து, பிரதியை வண்டியில் வைத்திருங்கள். பாகத்துக்கான பரிசோதனை அறிக்கை மட்டும் இருந்தால், பொருத்தியவுடன் ரியூவ் அல்லது டெக்ரா போன்ற நிலையத்தில் காட்டிப் பதிய வேண்டும். சில சாய்மானங்களுக்குப் பதிவு தேவையில்லை என்று தயாரிப்பாளரே கூறுவதுண்டு. அதை எழுத்தில் வாங்குங்கள். கையால் செய்ததாயின் 21ஆம் பிரிவின் கீழ்த் தனிப் பரிசோதனைதான். அதற்குத் துளையிட்ட பின்னர் அல்ல, முன்னரே பரிசோதகரிடம் சென்று கேட்க வேண்டும். அவர்கள் கடுமையானவர்கள் என்று எம்மவர் அஞ்சுகிறார்கள். படம் வரைந்து கொண்டுபோய், எந்த உருக்கு, யார் வெல்டிங் செய்வது என்று கேட்டால் பொறுமையாகவே விளக்குவார்கள் என்பது என் அனுபவம். சுவிஸ், பிரான்ஸ் முதலிய நாடுகளில் வாழ்வோர் அங்குள்ள பரிசோதனை நிலையத்தில் இதே கேள்வியைக் கேட்டுக்கொள்ளட்டும்.

அந்த இளைஞர் புதிய ரயர் போட்டு, வேறு மட்காட் வாங்கி, வண்டியின் வகைக்கே செய்யப்பட்ட, சட்டகத்தின் கைகளில் பூட்டும் சாய்மானம் ஒன்றைக் கடதாசியுடன் எடுத்தார். செலவு முதல் வாங்கியதைப்போல் பல மடங்கு. பொருத்திய நாளில் மனைவியும் வந்திருந்தார். கைகளைக் கட்டியபடி முழு வேலையையும் பார்த்துக்கொண்டு நின்றவர், கடைசியில் கேட்டார்: "அப்ப முந்தி நான் சாஞ்சிருந்தது அந்தத் தகரத்திலையோ, அண்ணை?"

நூறு கிலோமீற்றர் ஓடியபின் திரும்பி வந்து போல்ற்றுகளை மீண்டும் பார்க்க வேண்டும் என்று சொல்லியனுப்பினேன். இருவருமே வந்தார்கள். நான்கில் ஒன்று சற்றே தளர்ந்திருந்தது. சாவியில் கால் சுற்றுப் போனது. வெட்டுப்பட்ட பழைய ரயரை அவர்கள் எடுத்துச் செல்லவில்லை. அது எமது பட்டறையின் சுவரில் தொங்குகிறது. சாய்மானத்தைக் கையில் கொண்டு வருபவர்களுக்கு முதலில் அதைத்தான் காட்டுகிறேன்.