கல்லும் கதையும்: ஜமைக்கா விடுதியின் வரலாறும் கட்டடக் கலையும்

ஒரு நாட்டின் வரலாற்றைக் கோட்டைகளிலும் அரண்மனைகளிலும் தேடுவது நம் வழக்கம். வேந்தர் எழுப்பியவற்றுக்குக் கல்வெட்டு உண்டு; புகழ்பாடப் புலவரும் உண்டு. வழிப்போக்கர் ஓரிரவு தங்கிச் சென்ற எளிய விடுதிகளுக்கு இவ்விரண்டும் வாய்ப்பதில்லை. ஆயினும் சாலைகள் எவ்வாறு உருவாயின, வாணிகம் எவ்வழி நடந்தது, எளிய மக்கள் குளிரையும் மழையையும் எவ்வாறு வென்றனர் என்னும் வினாக்களுக்கு விடை கூறுபவை இத்தகைய கட்டடங்களே. அவற்றுள் ஒன்றாகிய, இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் கார்ன்வால் மாவட்டத்தில் அமைந்துள்ள ஜமைக்கா விடுதியைப் பற்றி இக்கட்டுரையில் ஆராய்வோம். இவ்விடுதிக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. இதனை உலகறியச் செய்தது ஒரு புதினம். இதன் மெய்யான வரலாற்றைப் பலர் கண்ணிலிருந்து மறைத்ததும் அப்புதினமே.

நிலமும் பொழுதும்

முதற்பொருளாகிய நிலத்தையும் பொழுதையும் அறிந்த பின்னரே கருப்பொருளை ஆராய்தல் நம் இலக்கண மரபு. அம்முறையிலேயே நாமும் தொடங்குவோம்.

ஆங்கிலேயர் 'மூர்' என்று அழைப்பது உழவுக்கு எளிதில் இணங்காத மேட்டுநிலம். மரங்கள் மிகக் குறைவு. புல்லும் புதரும் சதுப்பும் மிகுதி. கார்ன்வாலில் உள்ள பாட்மின் மூர் ஏறத்தாழ 208 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. அதன் மிக உயர்ந்த குன்றாகிய பிரவுன் வில்லியின் உயரம் 420 மீட்டர். நம் நாட்டு மலைகளை அறிந்தவர்க்கு இவ்வுயரம் பெரிதாகத் தோன்றாது. ஆனால் அட்லாண்டிக் பெருங்கடலிலிருந்து வரும் காற்றைத் தடுக்க அங்கு வேறு அரண் இல்லை. மழையும் மூடுபனியும் முன்னறிவிப்பின்றிச் சூழும். பனி இறங்கினால் சில அடி தொலைவிலுள்ள பாதையும் புலப்படாது. பாதை தவறியவன் சதுப்பில் கால் வைப்பான். இத்தகைய வெளியில் ஒரு புகைபோக்கியும் ஒரு விளக்கும் உயிர் காக்கும் துணைகளாகவே இருந்தன.

இம்மேட்டுநிலத்தின் நடுவே போல்வென்டர் என்னும் சிற்றூர் உள்ளது. 'துணிந்த முயற்சி' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் மரூஉவே இப்பெயர் என்பர். தரிசு நிலத்தைத் திருத்திப் பயிரிட முனைந்த முயற்சியை அது நினைவூட்டுகிறது. லான்செஸ்டன், பாட்மின் ஆகிய இரு நகரங்களுக்கும் நடுவழியில், இரண்டிலிருந்தும் ஏறத்தாழப் பத்து மைல் தொலைவில் இவ்வூர் அமைந்துள்ளது. இந்தப் பத்து மைல் என்னும் கணக்கே விடுதியின் பிறப்புக்குக் காரணம்.

சாலை ஈன்ற விடுதி

பதினெட்டாம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் சாலைகளைச் செப்பனிடுவதற்கெனத் தனிப்பொறுப்புக் குழுக்கள் அமைக்கப்பட்டன. வண்டிகளிடம் சுங்கம் பெற்று, அப்பணத்தைக் கொண்டு அக்குழுக்கள் சாலைகளைப் பேணின. சாலை சீர்பட்டதும் பயணிகள் வண்டிகள் பெருகின. பாரமேற்றிய வண்டியை இழுக்கும் குதிரைகள் மேடுபள்ளமான வழியில் பத்து மைல் ஓடியதும் களைத்துவிடும். அவற்றை அவிழ்த்து, இளைப்பாறிய குதிரைகளைப் பூட்டியாக வேண்டும். ஆகவே சாலை நெடுகிலும் இத்தகைய இடைவெளிகளில் விடுதிகள் தோன்றின.

ஜமைக்கா விடுதி 1750ஆம் ஆண்டு கட்டப்பட்டது. 1778ஆம் ஆண்டு வண்டிக்கொட்டகை, குதிரை லாயம், சேணம் முதலியவற்றை வைக்கும் அறை ஆகியன சேர்க்கப்பட்டு விரிவடைந்தது. முதலில் மனிதர்க்கு இடம் கண்ட கட்டடம், பின்னர்க் குதிரைக்கும் வண்டிக்கும் இடம் காண நேர்ந்தது. இருபத்தெட்டு ஆண்டுகளில் அச்சாலையின் போக்குவரத்து எவ்வளவு வளர்ந்தது என்பதை இவ்விரிவாக்கமே நமக்கு உணர்த்துகிறது.

கட்டட அமைப்பு

இரண்டாம் கட்டப் பணியால் விடுதி, ஒரு பெரும் பகுதியும் அதனோடு செங்கோணத்தில் இணையும் பக்கப் பகுதியுமாக அமைந்தது. இவ்விரண்டுக்கும் இடையே கல் பாவிய முற்றம் உள்ளது. இது அழகு கருதி மட்டும் செய்யப்பட்டதன்று. திறந்த மேட்டுநிலத்தில் இவ்வாறு வளைந்து நிற்கும் கட்டடம் தன் முற்றத்துக்குத் தானே மதிலாகிறது. இருபுறம் மறைவுள்ள இடத்தில் வண்டியை நிறுத்தி, குதிரைகளை அவிழ்த்து, பயணிகளை இறக்கலாம். கல் பாவியதால் சக்கரமும் குளம்பும் சேற்றில் புதைவதில்லை.

சுவர்கள் கல்லால் ஆனவை. பாட்மின் மூர் முழுவதும் கருங்கல் மீது அமைந்த நிலம். குன்றுகளின் உச்சியில் பாறைகள் அடுக்கடுக்காக வெளிப்பட்டு நிற்கின்றன. சரிவுகளில் உருண்டைப் பாறைகள் சிதறிக் கிடக்கின்றன. எனவே பழைய கொத்தர்கள் சுரங்கம் தோண்டவில்லை. நிலத்தின்மேல் கிடந்த கற்களையே பிளந்து பயன்படுத்தினர். ஏறத்தாழ 1800ஆம் ஆண்டுக்கு முன், பாறையில் நீண்ட குழிகளை வெட்டி, அவற்றில் ஆப்புகளை இறுக்கிப் பிளந்தனர். அதன் பின்னர் வட்டமான துளைகளைக் குடைந்து, இரும்புத் தகடுகளுக்கு நடுவே ஆப்பை அறைந்து பிளக்கும் முறை பரவியது. ஆகவே அவ்வட்டாரத்தில் கல்லின் விளிம்பில் காணும் வடு நீள்குழியா வட்டத்துளையா என்று நோக்கி, அக்கல் உடைக்கப்பட்ட காலத்தை ஒருவாறு கணிக்கலாம். எழுத்தில்லாத கல்லும் இவ்வாறு கல்வெட்டாகிறது.

கூரையில் வேயப்பட்டிருப்பது சிலேட்டுக் கல். கார்ன்வாலின் வடபகுதியில் டெலபோல் என்னும் ஊரில் சிலேட்டு வெட்டும் தொழில் பல நூற்றாண்டுகளாக நடந்துவருகிறது. மெல்லிய ஏடுகளாகப் பிளக்கக்கூடிய இக்கல் நீரை உறிஞ்சுவதில்லை. விடுதியின் சுவரிலும் சிலேட்டு ஏடுகள் மீன்செதில்போல ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிக்கப்பட்டுள்ளன. சாய்ந்தடிக்கும் மழை கல்லிணைப்புகளின் வழியே உட்புகாமல் தடுக்கும் கவசம் இது. உள்ளே தாழ்வான மேற்கூரையும் தடித்த மர உத்தரங்களும் உள்ளன. அகன்ற கணப்பு அடுப்புகளும் உள்ளன. விறகுக்கு மரமில்லாத இம்மேட்டுநிலத்தில், சதுப்பிலிருந்து வெட்டி உலர்த்திய கரிமண் கட்டிகளே நெடுங்காலம் எரிபொருளாயின. கூரை தாழ்ந்திருப்பதால் சிறிய நெருப்பின் வெம்மையும் வீணாவதில்லை. இவ்வாறு கட்டடத்தின் ஒவ்வோர் உறுப்பும் காற்றுக்கும் நீருக்கும் குளிருக்கும் கூறிய மறுமொழியாக அமைந்திருக்கக் காண்கிறோம்.

பெயரின் பின்னணி

குளிர்ந்த மேட்டுநிலத்து விடுதிக்கு, வெப்பமிகு கரீபியத் தீவின் பெயர் வந்தது எவ்வாறு? கடத்திவரப்பட்ட ஜமைக்கா ரம் இங்குப் பதுக்கப்பட்டதால் இப்பெயர் வந்ததென்பது பலர் கூற்று. உள்ளூரில் செல்வாக்குடன் விளங்கிய ட்ரெலானி குடும்பத்தோடு இப்பெயரை இணைப்பதே பொருத்தமான விளக்கம். அக்குடும்பத்தைச் சேர்ந்த எட்வர்டு ட்ரெலானி 1738 முதல் 1752 வரை ஜமைக்காவின் ஆளுநராக இருந்தார். வில்லியம் ட்ரெலானி 1767 முதல் 1772 வரை அப்பதவியை வகித்தார். அத்தீவின் ஒரு மாவட்டம் இன்றும் ட்ரெலானி என்றே வழங்குகிறது.

இவ்விளக்கத்தை ஏற்கும்போது மற்றொன்றையும் நாம் ஏற்க வேண்டியுள்ளது. அக்காலத்து ஜமைக்காவின் செல்வம் கரும்புத் தோட்டங்களின் செல்வம். அத்தோட்டங்களில் உழைத்தோர் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளும் அவர்தம் வழித்தோன்றல்களும் ஆவர். பிரித்தானியர் அடிமை வாணிகத்தை 1807இல் தடைசெய்தனர். அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் இயற்றப்பட்டது. முழு விடுதலை 1838இல்தான் கிட்டியது. விடுதியின் பெயர்ப்பலகையில் உள்ள ஒரு சொல் நம்மை இத்துயர வரலாற்றின் வாயிலில் கொண்டு நிறுத்துகிறது. கள்ளக்கடத்தல் கதையைச் சுவைத்துக் கேட்போர் பலர். பெயரில் பொதிந்துள்ள இக்கதையைக் கேட்போர் சிலரே.

கடத்தல் கார்ன்வாலில் நடந்தது உண்மையே. தேயிலை, சாராயம் முதலியவற்றின் மீது விதிக்கப்பட்ட கடும் வரியே அதற்கு வித்திட்டது. 1784இல் தேயிலை வரியை 119 விழுக்காட்டிலிருந்து 12.5 விழுக்காடாகக் குறைத்தபோது, தேயிலைக் கடத்தலின் ஆதாயம் சரிந்தது. சட்டத்தை மீறிய வாணிகம் பெரும்பாலும் அறமற்ற வரியின் நிழலில் வளர்கிறது என்பதற்கு இது சான்று.

தாழ்வும் மறுவாழ்வும்

1859ஆம் ஆண்டு டாமர் ஆற்றின் குறுக்கே புரூனெல் அமைத்த பாலம் திறக்கப்பட்டு, இருப்புப்பாதை கார்ன்வாலுக்குள் நுழைந்தது. அது மேட்டுநிலத்தைத் தவிர்த்துத் தெற்கே சென்றது. நெடுந்தொலைவுக் குதிரை வண்டிகள் மறைந்தன. சாலையை நம்பிய விடுதிகள் வாடின.

அந்நூற்றாண்டில் கார்ன்வால் மக்களிடையே மெதடிஸ்ட் இயக்கமும் மதுவிலக்கு இயக்கமும் வேரூன்றியிருந்தன. அவ்வியக்கத்தின் முதல்வர் ஜான் வெஸ்லி தங்கிய கல்வீடு, போல்வென்டருக்கு அருகே ட்ரெவின்ட் என்னும் சிற்றூரில் பேணப்படுகிறது. ஜமைக்கா விடுதியும் மது வழங்காத விடுதியாக மாறியது. மதுக்கடத்தலுக்குப் பெயர்பெற்ற விடுதி, மது தொடாத இல்லமாக நெடுங்காலம் வழிப்போக்கர்க்கு உணவும் உறைவிடமும் அளித்தது என்பது எண்ணி மகிழத்தக்கது.

1930இல் டாப்னி டு மோரியே என்னும் இளம் எழுத்தாளர் தம் தோழியுடன் இங்குத் தங்கினார். குதிரையேறி வெளியே சென்ற இருவரும் மழையிலும் மங்கலிலும் வழி தவறினர். கடிவாளத்தைத் தளர்த்திவிட, குதிரைகளே வழியறிந்து அவர்களை விடுதிக்குக் கொண்டுவந்து சேர்த்தன. அவ்வனுபவம் கருவாகி 1936இல் 'ஜமைக்கா இன்' என்னும் புதினம் வெளிவந்தது. 1939இல் ஹிட்ச்காக் அதனைத் திரைப்படமாக்கினார். கடத்தல்காரரும், கப்பல்களைக் கரையில் மோதவைத்துக் கொள்ளையிடுவோரும் பதுங்கும் இருட்குகையாக விடுதி அதில் தோன்றுகிறது. பொய்விளக்குக் காட்டிக் கப்பலை உடைத்தனர் என்பதற்கு உறுதியான சான்று மிக அரிது என வரலாற்றாய்வாளர் கூறுவர். டு மோரியேயும் உண்மையை மறைக்கவில்லை. தாம் கண்ட விடுதி அன்பும் விருந்தோம்பலும் உடைய மதுவிலக்கு இல்லமே என்று புதினத்தின் முன்குறிப்பிலேயே எழுதினார். கதையைப் படித்தோர் அக்குறிப்பை மறந்தனர்.

இன்று பெருநெடுஞ்சாலை ஊரைச் சுற்றிச் செல்கிறது. ஆயினும் புதினத்தைப் படித்தோர் விடுதியைத் தேடி வருகின்றனர். அங்கே கடத்தல் பற்றிய அருங்காட்சியகமும், டு மோரியேயின் நினைவுப் பொருள்களும் உள்ளன. சாலை கைவிட்ட விடுதியை இலக்கியம் தாங்கி நிற்கிறது.

இதிலிருந்து இலக்கியம் பயில்வோராகிய நாம் கொள்ளத்தக்கது யாது? கற்பனை ஒரு கட்டடத்துக்கு ஆயுளைக் கூட்டும். அதன் வரலாற்றை எழுதும் பொறுப்பு நம்முடையது. புதினத்தைப் படித்த பின் முன்குறிப்பையும் படித்தல் வேண்டும். பெயரைக் கேட்டபின் அப்பெயர் வந்த வழியையும் வினவுதல் வேண்டும். கல்லின் வடுவை நோக்கிக் காலத்தை அறியப் பயிலுதல் வேண்டும். இம்மூன்றையும் செய்வோர்க்கு எந்தப் பழங்கட்டடமும் தன் கதையை மறைப்பதில்லை.