பறக்க ஆசைப்படும் பிள்ளையும் பணம் கட்டும் பெற்றோரும்

உங்கள் வீட்டில் பதினாறு வயதுப் பிள்ளை ஒருவன் இருக்கிறானா? "நான் விமானி ஆகப் போகிறேன், அதற்குக் குறைந்து எதுவும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டானா? அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். இல்லாவிட்டாலும் படித்து வையுங்கள். அடுத்த வீட்டுக்காரர் யோசனை கேட்க வந்தாலும் வருவார்!

மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்த ஆசை சினிமா பார்த்து வரும். ஓசூர்ப் பிள்ளைகளுக்கு வேலி ஓரம் நின்றாலே வந்துவிடும். தளி சாலையில் கொஞ்ச தூரம் போனால் பேளகொண்டப்பள்ளியில் தனியார் விமான ஓடுதளம் ஒன்று நீண்டு கிடக்கிறது. 1990-களில் அங்கே தனேஜா ஏரோஸ்பேஸ் கம்பெனியார் இத்தாலியர்களின் கூட்டுறவோடு சிறு விமானங்களே செய்தார்கள். எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளி வழியாகப் பெங்களூர் போனாலோ கேட்கவே வேண்டாம். 1940-ல் தொடங்கிய ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை அங்கேதான். 1996 முதல் எலகங்காவில் விமானக் கண்காட்சி நடந்து வருகிறது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வானமே அதிரும். அதற்குப் பக்கத்திலுள்ள ஜக்கூர் பயிற்சிப் பள்ளியில் 1949-லேயே உஷா சுந்தரம் என்ற பெண்மணி பயின்று விமானியானார். 1951-ல் கணவர் சுந்தரத்தோடு லண்டனிலிருந்து பம்பாய்க்கு ஒரு சிறு விமானத்தை ஓட்டி வந்தார். இது போதாதென்று, ஓசூரில் 2,000 ஏக்கரில் பன்னாட்டு விமான நிலையம் கட்டப்படும் என்று 2024 ஜூன் மாதம் சட்டசபையில் முதலமைச்சர் அறிவித்தார். பெங்களூர் நிலையத்தாரின் ஒப்பந்தம் 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை இன்னொரு நிலையத்துக்குக் குறுக்கே நிற்கிறது என்பதெல்லாம் பையனின் காதில் ஏறுமா? 'விமான நிலையம் வரப் போகிறது' என்பது மட்டும் ஏறும்!

சரி, ஆசை வந்துவிட்டது. இனிமேல்தான் கஷ்டம்.

ஒரு வீட்டை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள். சிப்காட் பேட்டையில் தகப்பனாருக்கு ஷிப்டு வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. தாயார் வீட்டிலேயே தையல் மெஷின் வைத்திருக்கிறார். கிருஷ்ணகிரிப் பக்கம் பாட்டனார் வைத்துவிட்டுப் போன ஒன்றரை ஏக்கர் மாந்தோப்பு உண்டு. மூத்தவன் பதினொன்றாம் வகுப்பு. இளையவள் ஒன்பதாம் வகுப்பு. ஒரு நாள் இரவு சாப்பிடும்போது பையன் பயிற்சிக் கட்டணம் எவ்வளவு என்று சொல்கிறான். தகப்பனார் கையில் எடுத்த கவளத்தைத் தட்டில் வைத்துவிட்டு, "அவ்வளவு பணத்துக்கு நான் எங்கேடா போவேன்?" என்கிறார்.

"முடியாதென்றால் என்னை எதற்கு இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் போட்டீர்கள்? இத்தனை நாளும் எனக்கென்று என்ன செய்தீர்கள்?" என்று கேட்டுவிட்டு எழுந்து போகிறான் பையன். கதவு சாத்துகிற சத்தம் தெருவுக்கே கேட்கிறது. தாயார் கண்ணைத் துடைத்துக் கொள்கிறார். தகப்பனாருக்குப் பத்து மணி ஷிப்டு. சாப்பிடாமலே போகிறார்.

நன்றி கெட்ட பிள்ளை என்றுதானே சொல்லத் தோன்றுகிறது? எனக்கும் அந்தக் கதவுச் சத்தம் பிடிக்கவில்லை. ஆனால், அந்தப் பையனுக்கு என்ன தெரியும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தகப்பனாரின் சம்பளம் தெரியுமா? பள்ளிக் கட்டணத்துக்காக எந்த வருஷம் எந்த நகை அடகுக் கடைக்குப் போனது என்று தெரியுமா? தெரியாது. "நீ படித்தால் போதும், மற்றதை நாங்கள் பார்த்துக் கொள்கிறோம்" என்று பத்து வருஷமாகச் சொல்லி வளர்த்தது யார்? கணக்கையே காட்டாமல் இருந்துவிட்டுக் கணக்குத் தெரியவில்லையே என்று வருந்துவதில் என்ன நியாயம் இருக்கிறது?

விமானி ஆகவேண்டும் என்று துடித்த இன்னொரு தமிழ்ப் பிள்ளையைச் சொல்கிறேன். ராமேசுவரத்து அப்துல் கலாம்தான். ராக்கெட்டும் ராஷ்டிரபதி பதவியும் பின்னால் வந்தவை. வாலிபத்தில் அவருக்கிருந்த ஆசை ஆகாயத்தில் பறப்பதே.

அவர் சிறுவனாக இருந்தது யுத்த காலம், ரேஷன் காலம். ஒரு நாள் தாயார் ஆஷியம்மா சப்பாத்தி போடப்போட இவர் சாப்பிட்டுக் கொண்டே இருந்தார். பிறகு அண்ணன் தனியே அழைத்து, 'உனக்குப் போட்டுவிட்டு அம்மாவுக்கு ஒன்றும் மிச்சமில்லை, அது தெரியுமா?' என்று கடிந்து கொண்டார். சிறுவனுக்கு உடம்பு நடுங்கிப் போயிற்று. ஓடிப்போய்த் தாயாரைக் கட்டிக் கொண்டாராம். இதைக் கலாமே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

தாயார் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அண்ணன் சொன்னார். அவர் சொல்லாமல் இருந்திருந்தால் அந்தச் சிறுவன் மறுநாளும் ஆறு சப்பாத்தி சாப்பிட்டிருப்பான். அவனை நன்றி கெட்டவன் என்று நாம் சொல்லியிருக்க முடியுமா?

குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தபோது சேருவதற்கு ஆயிரம் ரூபாய் வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் அது சாமானியத் தொகையா? தமக்கை ஜோஹரா தம் பொன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் கொடுத்தார். சொந்தச் சம்பாத்தியத்தில் அந்த வளையலை மீட்டே தீருவது என்று தம்பி மனத்துக்குள் சபதம் செய்து கொண்டார். ஸ்காலர்ஷிப்புக்காக அவர் ராப்பகலாகப் படித்ததற்கு அந்த வளையலும் ஒரு காரணம். பணம் எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே, பெற்றோர்களே, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை உட்கார வைத்துக் கணக்கைப் பிரித்துக் காட்டுங்கள். சம்பளச் சீட்டு, வீட்டு வாடகை, சீட்டுப் பணம், தோப்புப் பட்டா, எல்லாவற்றையும். குத்திக் காட்டுவதற்காக அல்ல. "உனக்காக எவ்வளவு பட்டேன் தெரியுமா?" என்று ஆரம்பித்தால் அவன் காதை மூடிக் கொள்வான். "நம்மிடம் இருப்பது இவ்வளவு; உன் ஆசைக்கு ஆவது இவ்வளவு; நடுவில் இருக்கும் பள்ளத்தை எப்படித் தாண்டலாம், நீயே சொல்" என்று கேளுங்கள்.

அந்தப் பள்ளம் எவ்வளவு ஆழம் தெரியுமா? வணிக விமானி உரிமம் வாங்க நமது நாட்டில் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். என்ஜின் ஓடும் ஒவ்வொரு மணிக்கும் பணம். மொத்தம் அரைக் கோடி ரூபாயைத் தாண்டிவிடும். அதற்குப் பிறகு, கம்பெனிகள் ஓட்டுகிற பெரிய விமானத்தில் தனிப் பயிற்சி பெற மேலும் சில லட்சங்கள். பெரிய கடனுக்கு வங்கிக்காரர்கள் ஈடு கேட்பார்கள். மாந்தோப்பின் பத்திரம் அங்கே போய்விடும்.

போனால் திரும்பி வருமா? வரலாம். 2023-ல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. அத்தனைக்கும் ஓட்ட ஆள் வேண்டுமல்லவா? ஆனால் 2012-ல் கிங்ஃபிஷரும், 2019-ல் ஜெட் ஏர்வேஸும், 2023-ல் கோ ஃபர்ஸ்ட்டும் பறப்பதை நிறுத்தின. அனுபவமுள்ள விமானிகளே அப்போது வேலை தேடி அலைந்தார்கள். உரிமத்தைக் கையில் வைத்துக் கொண்டு இரண்டு மூன்று வருஷம் காத்திருக்கும் இளைஞர்களும் உண்டு. அத்தனை நாளும் வட்டி தூங்காது.

பையனையும் கொஞ்சம் ஓட விடுங்கள். ப்ளஸ் டூவில் பௌதிகமும் கணிதமும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் விமானத்துறை அங்கீகரித்த டாக்டரிடம் உடற்சோதனை முடியட்டும். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத கண் என்று பணம் கட்டிய பிறகு தெரிந்து என்ன பயன்? (மூக்குக் கண்ணாடி போட்டிருப்பதாலேயே பயணி விமானத்துக்குத் தகுதி போய்விடாது, அதற்காக யாரும் அழ வேண்டாம்.) வானிலை, வழியறிதல், விமான விதிகள் முதலிய பாடங்களில் எழுத்துத் தேர்வு உண்டு. நூற்றுக்கு எழுபது வாங்கினால்தான் தேர்ச்சி. புத்தகங்களை வாங்கி ஆறு மாதம் வீட்டிலேயே படித்துக் காட்டட்டும். ஆசை எத்தனை ஆழமானது என்பது அதில் தெரிந்துவிடும். முழுப் பணத்தையும் முன்னாலேயே கட்டச் சொல்லும் ஏஜெண்டைக் கண்டால் மட்டும் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

ஒரு காசு செலவில்லாத வழியும் இருக்கிறது. தேசிய ராணுவக் கழகத் தேர்வு. பதினாறரை வயதிலிருந்து பத்தொன்பதரை வரை எழுதலாம். தேறினால் கடக்வாஸ்லாவில் மூன்று வருஷப் படிப்பும் அதன்பின் விமானப் படைப் பயிற்சியும் சர்க்கார் செலவு. 2022 முதல் பெண்களும் அங்கே சேர்ந்து வருகிறார்கள். ஆனால் தேர்வு கடினம், போட்டியும் அப்படித்தான். 'என் அப்பா பணம் கட்டவில்லை' என்று சொல்லும் பிள்ளையிடம், 'பணமே வேண்டாத வாசல் ஒன்று இருக்கிறது, தட்டினாயா?' என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

தட்டியும் திறக்காமல் போகலாம். கலாமுக்கு அப்படித்தான் ஆயிற்று. பெங்களூர் ஹிந்துஸ்தான் தொழிற்சாலையில் பயிற்சி முடித்து, 1958-ல் விமானப் படைத் தேர்வுக்காக டேராடூன் போனார். இருபத்தைந்து பேரில் எட்டுப் பேருக்கு இடம், இவர் ஒன்பதாவது! மனமுடைந்து ரிஷிகேசத்துக்குப் போய்ச் சுவாமி சிவானந்தரைக் கண்டார். பிறகு டில்லியில் 250 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் விஞ்ஞான உதவியாளராகச் சேர்ந்தார். 2006 ஜூனில், எழுபத்து நாலாம் வயதில், ராஷ்டிரபதியாக இருந்தபோது புனேயில் சுகோய் போர் விமானத்தில் ஏறிப் பறந்தார்.

இன்னொரு விஷயம். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பேச்சில் ஒன்பதாம் வகுப்புப் பெண்ணையும் உட்கார வையுங்கள். மாந்தோப்பில் அவளுக்கும் அண்ணனுக்குச் சமமான உரிமை உண்டு என்று பையனுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவளுக்கே சொல்லியிருக்க மாட்டார்கள். தோப்பு முழுவதையும் ஈடு வைப்பதானால் அவளையும் கேட்பதே நியாயம். பாதியைத்தான் வைப்பது என்று முடிவானால், மீதிக்குத் தான் என்ன செய்யப் போகிறான் என்று அண்ணன் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். அவளுக்கும் ஏதாவது ஆசை இருக்கும். என்னவென்று அன்றைக்காவது கேட்டு விடுங்கள்.